அணை நீரும் ஆழ்துளையும் நிலத்தை அசைக்குமா? ஓர் ஐயமும் சில விளக்கங்களும்

கேள்வி: எழுதியவர் தெளிவுதேடி

பெரிய அணைகளில் நீரைத் தேக்குவதாலும், ஆழ்துளைகளில் கழிவுநீரைச் செலுத்துவதாலும், எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதாலும் நிலநடுக்கம் வருகிறது என்று பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் ஏற்க மறுக்கிறது.

நிலத்துக்கு அடியில் 5 கிலோமீட்டர் ஆழத்தில், மேலே உள்ள பாறையின் எடையால் ஏற்படும் அழுத்தம், நாம் சுவாசிக்கும் வளிமண்டலத்தின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1,300 மடங்கு இருக்கும். 100 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர், தன் அடித்தளத்தில் தருவது வெறும் 10 மடங்கு அழுத்தம்தான். அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய மாற்றம் ஒரு மலைத்தொடரின் அடிப்பாறையை எப்படி அசைக்க முடியும்? அணை கட்டிய பிறகு அந்த வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தால், அது எப்படியும் வந்திருக்கவேண்டிய அதிர்வு என்று சொல்ல ஏன் இடமில்லை? நிலச்சரிவைப் பற்றியும் இதே ஐயம் உண்டு. மலை சரிவதற்கு மழை போதுமே; அங்கே மனிதனின் பங்கு என்ன? இயங்கும் முறையை விளக்கி, உறுதியாகத் தெரிந்த நிகழ்வுகளை மட்டும் சான்றாகக் காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: எழுதியவர் கற்பாறை

தங்கள் கணக்கு சரி. ஆனால் ஒப்பிடவேண்டிய எண் அதுவன்று. ஒரு நிலப்பிளவின் மீது மொத்தம் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை; அது நழுவுவதற்கு இன்னும் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதே முக்கியம். நிலநடுக்கம் ஒன்றில் பிளவுத்தளத்தில் தேங்கியிருந்த இறுக்கம் முழுவதும் வெளியேறுவதில்லை. பெரும்பாலான நடுக்கங்களில் 10 முதல் 100 வளிமண்டல அழுத்த அளவுக்கே அது குறைகிறது. புவித்தட்டுகளின் நகர்வால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுக்கம் ஏறிக்கொண்டே வந்து, நழுவும் நிலைக்கு மிக அருகில் நிற்கும் பிளவுகள் நிலவோட்டின் மேற்பகுதியில் ஏராளம். அப்படிப்பட்ட ஒன்றுக்கு 10 வளிமண்டல அழுத்தம் என்பது அற்பமான மாற்றம் அன்று. அதில் பத்தில் ஒரு பங்கு கூடப் போதுமானதாக இருக்கலாம்.

அடுத்ததாக, நீரின் எடையைவிட நீரின் ஊடுருவலே பெரும்பாலும் காரணம் என்பதைக் கவனிக்கவேண்டும். பிளவின் இரு பக்கங்களையும் நழுவாமல் பிடித்து வைத்திருப்பது உராய்வு. அந்த உராய்வு, இரு பக்கங்களும் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாக அழுத்திக்கொண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பாறையின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் உள்ள நீரின் அழுத்தம் உயரும்போது, அது இரு பக்கங்களையும் உள்ளிருந்து விலக்கித் தள்ளுகிறது, பிடிமானம் தளர்கிறது. பிளவை நழுவவைக்கும் விசை சிறிதும் கூடவேண்டியதில்லை, தடுக்கும் விசை குறைந்தாலே போதும். 1959இல் ஹப்பர்ட், ரூபி என்னும் இரு அமெரிக்க நிலவியலாளர்கள் இதை விளக்குவதற்கு ஒரு காலி பீர்த் தகரக்குவளையைக் கையாண்டார்கள். ஈரமான கண்ணாடித் தகட்டின் மீது கவிழ்த்து வைத்த அந்தக் குவளை வழுக்கி நகர்வதற்குத் தகட்டை ஏறத்தாழ 17 பாகை சாய்க்கவேண்டியிருந்தது. அதே குவளையை நன்றாகக் குளிரவைத்துக் கவிழ்த்தபோது, உள்ளே அடைபட்ட காற்று சூடாகி விரிந்து குவளையைச் சற்றே தூக்கிக் கொடுக்க, ஒரு பாகைச் சாய்விலேயே அது வழுக்கிச் சென்றது. ஆழத்தில் அந்தக் காற்றின் வேலையைச் செய்வது நீர்.

தற்செயல் என்ற ஐயத்துக்கு விடை சொல்லும் நிகழ்வு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துக்கு அருகில் நடந்தது. அங்கிருந்த ராக்கி மௌன்டன் ஆர்சனல் என்னும் இராணுவத் தொழிற்கூடத்தில், வேதிப்பொருள் கலந்த கழிவுநீரை ஒழிப்பதற்காக 1961இல் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டினார்கள். 1962 மார்ச்சில் நீரைச் செலுத்தத் தொடங்கிய சில வாரங்களிலேயே சிறு நடுக்கங்கள் பதிவாயின. டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர் 1965இல் மாதந்தோறும் செலுத்தப்பட்ட நீரின் அளவையும் மாதந்தோறும் ஏற்பட்ட நடுக்கங்களின் எண்ணிக்கையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து காட்டினார். 1963இன் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக்காலம் நீர் செலுத்துவது நின்றிருந்தது. நடுக்கங்களும் அந்தக் காலத்தில் குறைந்திருந்தன. மீண்டும் செலுத்தத் தொடங்கியதும் அவையும் பெருகின. எனக்கு இந்த ஓராண்டு இடைவெளிதான் முழு வரைபடத்திலும் மிகவும் மதிப்புள்ள பகுதியாகப் படுகிறது. ஏனென்றால் இரண்டும் சேர்ந்து ஏறுவது தற்செயலாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்து இறங்கி மறுபடியும் சேர்ந்து ஏறுவதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

அதற்குப் பிறகும் ஐயம் மிச்சமிருந்தால், அதே கொலராடோ மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை நடத்திய சோதனையைப் பாருங்கள். எண்ணெயை வெளியே தள்ளுவதற்காகப் பாறைக்குள் நீரைச் செலுத்திவந்த இடம் அது. பாறையின் வலிமையை ஆய்வகத்தில் அளந்து, துளைநீர் அழுத்தம் ஏறத்தாழ 257 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) என்ற அளவைத் தாண்டினால்தான் அங்குள்ள பிளவு நழுவும் என்று கணித்தார்கள். பிறகு வேண்டுமென்றே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். அழுத்தம் அந்த அளவுக்குக் கீழே இருந்தபோது கிணறுகளை அடுத்த பகுதியில் நடுக்கங்கள் அடங்கின. மேலே சென்றபோது திரும்பி வந்தன.

மறுமொழி 2: எழுதியவர் ஐயவாதி

மேலே எழுதியவர் தேர்ந்தெடுத்துக் காட்டியவை, செலுத்திய நீரின் அளவும் அழுத்தமும் துல்லியமாகத் தெரிந்த நிகழ்வுகள். எல்லாம் அப்படி அமைவதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

உலகில் 50,000க்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. நிலநடுக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டவை நூற்றுச் சொச்சம் மட்டுமே. 2008இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் ஏற்பட்ட 7.9 அளவிலான வென்சுவான் நிலநடுக்கத்தின் மேல்மையத்துக்கு (நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளி) அருகிலேயே, 2005இல் நீர் தேக்கத் தொடங்கிய ஜிபிங்பு அணை இருந்தது. உடனே அணையே குற்றவாளி என்று எழுதியவர்கள் உண்டு. நீரின் தாக்கம் அந்த ஆழத்துக்குப் போதாது என்று கணக்கிட்டு மறுத்தவர்களும் உண்டு. இரு தரப்பிலும் தேர்ந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், வழக்கு இன்னும் தீரவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்த ஒரு நடுக்கத்தின் ஆற்றல் முழுவதும் புவித்தட்டுகள் சேர்த்து வைத்தது. அணை அதைச் சிறிது முன்கூட்டி வரவைத்ததா என்பது மட்டுமே அங்கே கேள்வி. அதற்கும் விடையில்லை.

ஆகவே, 1993இல் டேவிஸ், ஃப்ரோலிக் என்ற இருவர் முன்வைத்த சில எளிய வினாக்களையே நான் இன்றும் முதலில் கேட்பேன். அந்த இடத்தில் இதற்கு முன் இப்படிப்பட்ட நடுக்கம் பதிவாகியிருக்கிறதா? நீர் செலுத்தியதற்கும் நடுக்கத்துக்கும் காலத்தொடர்பு தெளிவாக இருக்கிறதா? நடுக்கங்கள் கிணற்றுக்கு அருகிலும், நீர் சென்ற ஆழத்திலும் நிகழ்ந்தனவா? அங்கே பிளவு இருக்கிறதா? பிளவு இருக்கும் இடத்தில் அழுத்தம் போதுமான அளவுக்கு மாறியதா? பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் மட்டுமே மேலே பேசலாம். முன்பதிவு எதுவும் இல்லாத இடத்தில் முதல் வினாவுக்கே விடை சொல்ல முடியாது என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

மறுமொழி 3: எழுதியவர் நீரோட்டம்

ஐயவாதி கேட்கும் வினாக்களுக்கு ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும் ஓர் அணை உண்டு என்பதால் அதை இங்கே குறிப்பிடுகிறேன். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரமுடையது. 1962இல் அதில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். நிலநடுக்கத்துக்குப் பெயர்போகாத, நிலையானதென்று கருதப்பட்டுவந்த பழம்பாறைப் பகுதி அது. நீர் ஏறிய சிறிது காலத்தில் மெல்லிய அதிர்வுகள் உணரப்பட்டன. 1967 டிசம்பரில் 6.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தார்கள். அணையிலும் விரிசல் கண்டது. பிறகு அதை வலுப்படுத்தினார்கள். நீர்த்தேக்கத்தோடு தொடர்புடைய நடுக்கங்களில் உலகிலேயே பெரியதாக இன்றளவும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுவது இதுதான்.

ஆனால் கொய்னா ஆய்வாளர்களை இழுப்பது 1967இன் நடுக்கத்தால் மட்டும் அன்று. அறுபது ஆண்டுகளாகியும் அங்கே அதிர்வு நிற்கவில்லை; அதுவும் சிதறிப் பரவாமல், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரே பகுதிக்குள், பெரும்பாலும் 10 கிலோமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் நிகழ்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்ததைத் தொடர்ந்து சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அதிர்வுகள் பெருகும் போக்கு ஆண்டுதோறும் காணப்படுகிறது. நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைவிட, அது எவ்வளவு வேகமாக ஏறியது, முன்பு எட்டிய உச்சத்தைத் தாண்டியதா, உச்சத்தில் எவ்வளவு காலம் நின்றது என்பவை பெரிய அதிர்வுகளோடு கூடுதல் தொடர்பு காட்டுகின்றன. 1985இல் அருகிலேயே வார்ணா நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபின் அதிர்வுப் பகுதி தெற்கே அதை நோக்கியும் விரிந்தது. நடுக்கம் பிறக்கும் இடத்தையே நெருங்கி அளப்பதற்காக அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு முன்னோட்டத் துளையும் இட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் சொன்ன ‘எப்படியும் வந்திருக்கவேண்டிய அதிர்வு’ என்ற வாதத்துக்கு இந்த ஆண்டுச் சுழற்சி இடம் கொடுப்பதில்லை. புவித்தட்டுகளுக்கு மழைக்காலம் தெரியாது.

நீர் சேர்வதால் மட்டுமல்லாமல், நீர் போவதாலும் பிளவு அசையக்கூடும். ஸ்பெயினின் லோர்கா நகரில் 2011 மே மாதம் 5.1 அளவிலான நடுக்கம் ஒன்பது உயிர்களைக் கொண்டது. அங்கே பல பத்தாண்டுகளாகப் பாசனத்துக்கு இறைத்ததில் நிலத்தடி நீர்மட்டம் ஏறத்தாழ 250 மீட்டர் இறங்கியிருந்தது. பிளவு நழுவிய பாங்கு, அந்தச் சுமை நீங்கியதால் ஏற்பட்டிருக்கக்கூடிய இறுக்க மாற்றத்தோடு பொருந்துவதாக 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதை நான் கொய்னா அளவுக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மறுமொழி 4: எழுதியவர் சரிவுக்கோணம்

நிலச்சரிவைப் பற்றிய பகுதியை யாரும் தொடவில்லை என்பதால் அதை நான் எழுதுகிறேன். மழை போதும் என்பது உண்மைதான். ஆனால் மழை செய்யும் அதே வேலையை நீர்த்தேக்கமும் செய்கிறது, அதுவும் சரிவின் அடிவாரத்திலிருந்து. வடக்கு இத்தாலியின் வயோன்ட் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 262 மீட்டர் உயர அணையைக் கட்டி 1960இல் நீரை ஏற்றத் தொடங்கினார்கள். இடக்கரையில் இருந்த தோக் மலையின் சரிவு மிகப் பழைய நிலச்சரிவு ஒன்றின் எச்சம். அதன் அடியில் மெல்லிய களிமண் படலங்கள் இருந்தன. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே சரிவின் மேற்புறத்தில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் திறந்தது. நவம்பரில் 7 இலட்சம் கனமீட்டர் மண்ணும் பாறையும் ஏரிக்குள் விழுந்தன.

இதற்குப் பிறகு பொறியாளர்கள் செய்தது அலட்சியம் என்று பொதுவாக எழுதுகிறார்கள். என் கருத்தில் அது அதைவிட மோசமான ஒன்று: தாங்கள் மலையைக் கட்டுப்படுத்துவதாக அவர்கள் நம்பினார்கள். நீர்மட்டத்தை உயர்த்தினால் சரிவு வேகமாக ஊர்ந்தது, தாழ்த்தினால் மெதுவானது. எனவே நீர்மட்டத்தை மெல்ல ஏற்றியும் இறக்கியும் மலையைப் படிப்படியாகக் கீழே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். விழும் பாறை ஏரியை இரண்டாகப் பிரித்தாலும் நீர் போய்வருவதற்கென்று ஒரு சுரங்கவழியைக்கூட அமைத்தார்கள். 1963இல் மூன்றாம் முறை நீரை ஏற்றியபோது ஊர்வது விரைவடைந்தது. செப்டம்பர் இறுதியில் நீரை இறக்கத் தொடங்கினார்கள், ஆனால் இந்த முறை மலை வேகம் குறையவில்லை. கடைசி நாள்களில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருந்தது. அக்டோபர் 9 இரவு 10.39 மணிக்கு ஏறத்தாழ 27 கோடி கனமீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஏரிக்குள் பாய்ந்தது. அது ஏரியில் அப்போதிருந்த நீரைவிடப் பெரிய பருமன். அணையைத் தாண்டி எழுந்த அலை கீழேயிருந்த லோங்கரோனே ஊரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டார்கள். அணை மட்டும் பெரிய சேதமின்றி இன்றும் நிற்கிறது.

அவ்வளவு பெரிய அணையும் தேவையில்லை என்பதற்கு நார்வேயின் ரிஸ்ஸாவைச் சொல்லவேண்டும். பனியூழிக்காலத்தின் இறுதியில் கடலடியில் படிந்து, பிறகு நிலம் உயர்ந்ததால் கரைக்கு வந்த களிமண் அங்கே உண்டு. காலப்போக்கில் நன்னீர் அதிலிருந்த உப்பைக் கழுவிவிட, துகள்களின் பிணைப்பு தளர்ந்துவிட்டது. அசைக்காதவரை திடமாக இருக்கும், அசைத்தால் கூழாகிவிடும். 1978 ஏப்ரலில் ஒரு பண்ணையில் தொழுவத்தை விரிவாக்குவதற்காகத் தோண்டிய 700 கனமீட்டர் மண்ணை ஏரிக்கரையோரம் கொட்டினார்கள். சில பத்து லாரிச் சுமைதான். அந்தச் சுமையால் கரையில் ஒரு சிறு துண்டு சரிந்தது. அது சரிந்த இடத்தில் தாங்குவாரின்றி நின்ற அடுத்த துண்டு சரிந்தது. இப்படியே பின்னோக்கி உண்டுகொண்டு போய், மொத்தம் 50 முதல் 60 இலட்சம் கனமீட்டர் மண் ஏரிக்குள் வழிந்தது, வீடுகள் மிதந்து செல்வதைச் சிலர் படமும் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் உயிரிழந்தார். தூண்டியதற்கும் விளைந்ததற்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு ஏழாயிரத்துக்கும் மேல்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: தெளிவுதேடி

அனைவருக்கும் நன்றி. முதல் ஐயம் தீர்ந்தது. இரண்டாவதாக ஒன்று எழுகிறது. மனிதச் செயல்தான் தூண்டுகிறது என்றால், செயலை நிறுத்தியவுடன் ஆபத்தும் நிற்கவேண்டுமல்லவா? நடுக்கம் தொடங்கிய பிறகு நிறுத்தினால் போதும் என்று திட்டமிடுவது சரியாகுமா?

மறுமொழி 5: எழுதியவர் கற்பாறை

போதாது. டென்வர் கிணற்றில் 1966 பிப்ரவரியில் நீர் செலுத்துவதை அடியோடு நிறுத்தினார்கள். அங்கே ஏற்பட்ட நடுக்கங்களுள் பெரியது, 5 அளவை ஒட்டியது, அதற்குப் பதினெட்டு மாதங்கள் கழித்து 1967 ஆகஸ்டில் வந்தது. கிணற்றின் வாயை மூடிய பிறகும் உள்ளே ஏறியிருந்த அழுத்தம் பாறையின் வெடிப்புகள் வழியே மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும். கிணற்றடியில் அழுத்தம் தணியும் அதே வேளையில் தொலைவிலுள்ள பிளவில் அது உயர்ந்துகொண்டிருக்கலாம். நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலிலும், வேறொரு முறையில் என்றாலும், இதே தாமதம் உண்டு: 1963 முதல் வாயுவை எடுத்ததால் அழுத்தம் குறைந்து மணற்பாறை சுருங்க, பிளவின் இரு பக்கங்களும் சமமாகத் தாழாமல் நடுக்கங்கள் ஏற்பட்டன. 2012இல் ஹைஸிங்க என்னும் ஊரருகே வந்த பெரிய நடுக்கத்தின் அளவு 3.6 மட்டுமே, ஆனால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில், மென்மையான மண்ணுக்குக் கீழே நிகழ்ந்ததால் செங்கல் வீடுகளைப் பெரிய அளவில் சேதப்படுத்தியது. 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது, அதிர்வுகள் நின்றுவிடவில்லை.

நிறுத்துவதால் பயனில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2009க்கு முன் 3 அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு. 2015இல் ஏறத்தாழ 900. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறையே அதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பங்கு காரணம், எண்ணெயோடு சேர்ந்து வெளிவந்த உப்புநீரை ஆழத்தில் திரும்பக் கொட்டியது. செலுத்தும் அளவைக் கட்டுப்படுத்திய பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, என்றாலும் 5.8 அளவிலான பெரிய நடுக்கம் 2016 செப்டம்பரில், கட்டுப்பாடுகள் தொடங்கிய பின்னரே வந்தது.

தங்கள் இரண்டாம் கேள்விக்கு நேரான விடை தென் கொரியாவின் போஹாங்கில் இருக்கிறது. நிலத்தடி வெப்பத்தால் மின்சாரம் எடுப்பதற்காக 4 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறைக்குள் நீரை அழுத்திச் செலுத்திய திட்டம் அது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நடுக்கம் வந்தால் செலுத்துவதைக் குறைக்கவேண்டும், நிறுத்தவேண்டும் என்ற விதிமுறை அங்கே இருந்தது. 2017 ஏப்ரலில் 3.2 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. சில மாத இடைவெளிக்குப் பின் மீண்டும் செலுத்தினார்கள். செப்டம்பரில் கடைசியாகச் செலுத்தி முடித்தார்கள். நவம்பர் 15 அன்று 5.5 அளவிலான நிலநடுக்கம் நகரைத் தாக்கியது. 2019 மார்ச்சில் அரசு அமர்த்திய குழு, அதுவரை யாரும் அறியாதிருந்த ஒரு பிளவை நீர் தூண்டிவிட்டது என்று முடிவு கூறியது. செலுத்திய நீரின் பருமனே நடுக்கத்தின் உச்ச அளவை வரையறுக்கும் என்ற கருத்தையும் போஹாங் பொய்யாக்கியது: சில ஆயிரம் கனமீட்டர் நீருக்கு அவ்வளவு பெரிய நடுக்கம் அந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை. விதிமுறை, வந்துவிட்ட நடுக்கத்தின் அளவை மட்டுமே பார்த்தது. முந்தைய சிறு நடுக்கங்களின் இருப்பிடங்களைக் குழுவினர் துல்லியமாகத் திருத்திக் கணித்தபோது, அவை ஒரே தளத்தில் வரிசையாக அமைந்திருந்தன; பிறகு முழுவதுமாக நழுவியது அந்தத் தளம்தான். அந்தத் திருத்தக் கணிப்பைச் செலுத்தும் காலத்திலேயே செய்யவேண்டும் என்பதும், பெரிய நடுக்கத்தை நோக்கி வளரும் ஆபத்தைத் தொடர்ந்து மதிப்பிடவேண்டும் என்பதும் இன்று இத்தகைய திட்டங்களுக்கு முன்வைக்கப்படும் நிபந்தனைகள்.